உபுண்டு 22.04-க்கு மாறியதும் எக்ஸ்டூடூல் ஊமையான கதை

தினமும் முப்பது நாற்பது பில் எண்களை ஜாவா பில்லிங் மென்பொருளிலும் லிப்ரேஆபிஸ் கால்க் விரிதாளிலும் தட்ட, விசைகளைத் தானாகத் தட்டும் கருவியான எக்ஸ்டூடூல் வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். உபுண்டு லினக்ஸ் 20.04-இல் பிசகாமல் ஓடியது. 22.04-க்கு ஏற்றிய மறுநாள் கால்க்கில் ஓர் எழுத்துகூட விழவில்லை. பிழைச்செய்தியும் இல்லை.

எக்ஸ்டூடூலை அழித்து மறுபடி நிறுவினேன். கீபோர்டு லேஅவுட்டைச் சந்தேகப்பட்டேன். ஸ்லீப் நேரத்தைக் கூட்டினேன். மூன்று நாள் போனது.

ஒன்று மட்டும் உறுத்தியது: அதே ஸ்கிரிப்ட் ஜாவா ஜன்னலில் மட்டும் ஒழுங்காகத் தட்டியது. திரை எந்த அமைப்பில் ஓடுகிறது என்று சொல்லும் எக்ஸ்டிஜி_செஷன்_டைப் மாறியை டெர்மினலில் எக்கோ செய்தேன். ‘வேலண்ட்’ என்று வந்தது; ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய அமைப்பு அது. எக்ஸ்டூடூலோ அதற்கு முந்தைய, பழைய எக்ஸ்11 அமைப்புக்கானது. ஜாவா ஜன்னல், எக்ஸ்11 நிரல்களை வேலண்டுக்குள் ஓட்டும் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடுவதால் அதற்கு மட்டும் விசை போய்ச் சேர்ந்திருக்கிறது.

லாக் அவுட் செய்து ‘உபுண்டு ஆன் சோர்க்’ (எக்ஸ்11-இல் ஓடும் உபுண்டு) தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க உதவும் பல்சக்கரக் குறி, லாகின் திரையில் பெயரைச் சொடுக்கி, பாஸ்வேர்ட் பெட்டி வந்த பிறகே வலது கீழ் மூலையில் தலைகாட்டும். நான் பெயர்ப் பட்டியலிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

சோர்க்கில் நுழைந்ததும் பழைய ஸ்கிரிப்ட் ஒரு வரி மாறாமல் ஓடியது. அப்பாடா. வேலண்டிலும் ஓடும் ஒய்டூடூலுக்கு மாற்றி எழுதுவதை அடுத்த லீவுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.