வேகக் காரின் எஞ்சினில் உள் உராய்வைக் குறைப்பது எப்படி? சீல், ரிங் மாற்றும் செய்முறை

சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வரும் இளைஞர்களில் பலர் பழைய புரோட்டோன் வீராவிலோ சத்ரியாவிலோ 4ஜி93 எஞ்சினை வைத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து, ஒரு நாளாவது செப்பாங் பந்தய ஓடுதளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு இருப்பவர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: "அண்ணே, ஒசத்தியான ஆயில் சீல் போட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றுமா?" சுற்றும். ஆனால் அந்தப் பலன் எந்தச் சீலில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அறியாமல் செலவு செய்தால், பணமும் போகும், கிளட்ச் தட்டில் எண்ணெயும் ஒழுகும். முதன்முறையாக எஞ்சினைப் பிரிக்கப் போகும் ஒருவர் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணி, வேலையை வரிசைப்படி எழுதுகிறேன்.

எந்தச் சீல் உராய்கிறது?

எஞ்சினில் இருக்கும் சீல்களை அசையாதவை, அசைபவை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தலைப்பகுதி கேஸ்கெட், எண்ணெய்த் தொட்டி கேஸ்கெட், ஓ-ரிங் ஆகியவை இரண்டு அசையாப் பரப்புகளுக்கு நடுவே இருப்பதால், அவற்றை எவ்வளவு உயர்ந்த தரத்தில் வாங்கினாலும் உராய்வு குறையப் போவதில்லை. உராய்வைத் தருபவை பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் முன் சீல், பின் சீல், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சீல்கள், வால்வுத் தண்டு சீல்கள், இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பிஸ்டன் ரிங்குகள். ரிங்கைச் சீல் என்று பலரும் நினைப்பதில்லை. ஆனால் வெடிப்பறையின் அழுத்தத்தை மேலேயும் எண்ணெயைக் கீழேயும் பிரித்து நிறுத்தும் வேலையை அதுதான் செய்கிறது. எஞ்சினின் இயந்திர உராய்வில் ஏறத்தாழப் பாதி பிஸ்டனும் ரிங்குகளும் சிலிண்டர் சுவரில் தேய்வதால் வருகிறது.

கிராங்க் சீலின் பங்கை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு சீல் தண்டை 0.3 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையால் பிடித்து இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் அது விழுங்கும் ஆற்றல் ஏறத்தாழ 190 வாட், அதாவது கால் குதிரைத்திறன். இரண்டு சீல்களையும் உராய்வே இல்லாதவையாக மாற்றினாலும் அரைக் குதிரைத்திறன்தான் மிஞ்சும். ஆகையால் சீல் மட்டும் மாற்றினால் காரின் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றும்போது, அதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை சீல் மாற்றம் என்பதே என் கருத்து.

பிரிப்பதற்கு முன்

எஞ்சினைச் சூடாக்கி, நிதானமாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பாருங்கள். தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. வெளியே தள்ளப்பட்டால், தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது, அல்லது கிராங்க் அறையின் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறது. இந்தச் சோதனையை விட்டுவிட்டுப் புதுச் சீல் போடுபவர்களே அதிகம். உள்ளே அழுத்தம் ஏறினால் எவ்வளவு நல்ல சீலின் உதட்டையும் அது தாண்டிவிடும். உராய்வைக் குறைக்கத் தண்டை மென்மையாகப் பிடிக்கும் சீலைப் போட்டிருந்தால், இன்னும் எளிதாகத் தாண்டும். பிசிவி வால்வின் விலை மிகக் குறைவு. அதை முதலில் மாற்றிவிடுங்கள். பிறகு நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (பிஸ்டன் காற்றை அமுக்கும்போது சேரும் அழுத்தம்) அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உராய்வை அளக்கும் வழி

கையால் சுற்றிப் பார்த்து "லேசாக இருக்கிறது" என்று சொல்வது அளவாகாது. முறுக்கு விசையை முள் நகர்ந்து காட்டும் வகை டார்க் ரென்ச் இருந்தால் அதைக் கிராங்க் போல்ட்டில் மாட்டி, மெதுவாகச் சுற்றும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 'கிளிக்' என்று ஒலிக்கும் ரென்ச் இதற்கு உதவாது. முள் வகை இல்லையென்றால், பயணப் பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசு போதும். போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 25 செ.மீ. தள்ளிக் கைப்பிடியில் தராசை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்தால், தராசு காட்டும் 4 கிலோ ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டருக்குச் சமம். தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும். நகரத் தொடங்கும் விசையையும், நகர்ந்துகொண்டிருக்கும்போது தேவைப்படும் விசையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் பூட்டும்போது இந்த அளவை ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்க வேண்டும்: கிராங்க் தண்டு மட்டும் பேரிங்கில் இருக்கும்போது ஒருமுறை, சீல் போட்ட பின் ஒருமுறை, ஒவ்வொரு பிஸ்டனையும் இறக்கிய பின் ஒவ்வொரு முறை. எல்லா அளவுக்கும் ஒரே எண்ணெயைத் தடவியிருக்க வேண்டும். மூன்றாவது பிஸ்டனில் திடீரென விசை எகிறினால், தவறு அந்தப் பிஸ்டனில் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். முழு எஞ்சினையும் பூட்டிய பின் காரணம் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ரிங்குகள்

பழைய எஞ்சின்களில் மேல் ரிங்குகள் 1.5 மி.மீ. தடிமனில் இருப்பது வழக்கம். இப்போதைய வேகக் கார் பிஸ்டன்களில் 1.0 அல்லது 1.2 மி.மீ. ரிங்குகள் வருகின்றன. மெல்லிய ரிங் சுவரைக் குறைந்த விசையில் அழுத்துகிறது, ஆனாலும் கசிவதில்லை. வெடிப்பு நடக்கும் கணத்தில் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து, அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. இறுக்கம் தேவைப்படும் நேரத்தில் வெடிப்பே அதைக் கொடுத்துவிடுவதால், மற்ற நேரமெல்லாம் ரிங் தன் சொந்த விறைப்பால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மெல்லிய ரிங் சற்றே நெளிந்த சுவரோடும் நன்றாகப் படியும்.

மெல்லிய ரிங் வேண்டுமென்றால் அதற்கேற்ற பள்ளம் வெட்டப்பட்ட பிஸ்டனும் வேண்டும். 1.5 மி.மீ. பள்ளத்தில் 1.2 மி.மீ. ரிங்கைப் போட்டு ஓட்டக் கூடாது. பிஸ்டன் மாற்ற வசதி இல்லையென்றால், அசல் அளவிலேயே தரமான புது ரிங்குகளைப் போட்டு, சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்துப் பதமாக்கும் ஹோனிங்கைச் சரியாகச் செய்தாலே கணிசமான பலன் கிடைக்கும்.

ரிங்குகளில் அதிகமாக இழுப்பது மூன்று பகுதிகளாக வரும் எண்ணெய் ரிங்தான். அதன் விறைப்பைக் குறைத்தால் உராய்வு கண்கூடாகக் குறையும் என்பதால் பலருக்கும் அதன்மேல் கண் போகிறது. பந்தய எஞ்சின்களில் கிராங்க் அறையின் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பதால், அங்கே மிகக் குறைந்த விறைப்புள்ள எண்ணெய் ரிங் எடுபடுகிறது. தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வரும் காரில் அதைப் போட்டால் நீலப் புகையும் எண்ணெய்க் குறைவுமே மிஞ்சும். சாலைக் காரில் இதைச் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்தது ரிங் முனைகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி. டர்போ இல்லாத எஞ்சினின் மேல் ரிங்குக்குச் சிலிண்டர் விட்டத்தை 0.004 ஆல் பெருக்குவது பொதுக் கணக்கு. 4ஜி93 எஞ்சினின் விட்டம் 81 மி.மீ. என்பதால் ஏறத்தாழ 0.32 மி.மீ. வரும். இரண்டாம் ரிங்குக்குச் சற்றுக் கூட்டி 0.36 முதல் 0.40 மி.மீ. வரை விடலாம். டர்போ இருந்தால் வெப்பம் அதிகம் என்பதால் இடைவெளியும் அதிகமாக வேண்டும். ரிங்கோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து 25 மி.மீ. ஆழத்துக்கு நேராகத் தள்ளிவிட்டு, ஃபீலர் தகட்டால் அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும் வெளி விளிம்பிலிருந்து உட்புறமாக அரத்தால் தேய்த்து, பிசிறைப் பதமாக நீக்குங்கள். அதிகமாகத் தேய்த்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. ஆகவே இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஹோனிங்கைக் கடைசல் பட்டறையிலேயே கொடுத்துச் செய்யுங்கள். முதலில் சொரசொரப்பான கல்லால் குறுக்குக் கோடுகள் இட்டு, பின்பு நுண்ணிய கல்லால் மேடுகளை மட்டும் சீவிவிடும் பிளாட்டோ ஹோனிங் என்று கேட்டு வாங்குங்கள். மேடுகள் மழுங்கியிருப்பதால் ரிங் வழுக்கிப் போகும். கோடுகளின் பள்ளத்தில் எண்ணெய் தங்கும். சிலிண்டர் பிளாக் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் இட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுச் சுவரைத் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் படிவது நிற்கும் வரை துடையுங்கள். அந்தச் சாம்பல் நிறம் ஹோனிங் கல்லின் துகள், அது புது ரிங்கைத் தின்றுவிடும். மாலை மழைக்கு முந்தைய நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரமான இரும்பு சில நிமிடங்களிலேயே துருப்பிடிக்கும் என்பதால், கழுவி முடித்த கையோடு எண்ணெய் தடவிவிட வேண்டும்.

ஆயில் சீல்

என் தகப்பனார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஊரைச் சுற்றி இவ்வளவு ரப்பர் இருக்க, ஆயில் சீலை ஏன் வெளியிலிருந்து வரும் செயற்கை ரப்பரில் செய்கிறார்கள் என்று நானும் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். விடையை நீங்களே காணலாம்: சாதாரண ரப்பர் வளையம் ஒன்றை எஞ்சின் எண்ணெயில் இரண்டு நாள் ஊற வைத்து, புதிய ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணெயைக் குடித்து உப்பித் தளர்ந்திருக்கும். அதனால்தான் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் சீலுக்கு வந்தது. நைட்ரைல் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸுக்கு மேல் நெடுநாள் இருந்தால் இறுகி விரிசல் விடத் தொடங்கும். வைட்டான் என்னும் செயற்கை ரப்பர் ஏறத்தாழ 200 பாகை வரை தாங்கும். டெஃப்லான் அதையும் கடந்து நிற்கும், அதோடு தண்டை மிகக் குறைவாகவே இழுக்கும். ரப்பர் சீலின் உதட்டைத் தண்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு சுருள் கம்பி வளையம் இருக்கும். டெஃப்லான் உதட்டுக்கு அது தேவையில்லை.

வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிராங்க் தண்டின் 80 மி.மீ. விட்டமுள்ள பின்முனை 6,000 சுழற்சியில் ஓடும்போது அதன் பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் உதட்டைக் கடக்கிறது. நைட்ரைல் அதில் பாதி வேகத்துக்கே உரியது. ஆகவே பின்புறத்துக்கு வைட்டான் அல்லது டெஃப்லான் வாங்குங்கள். முன்புறத்துக்கு வைட்டான் போதும்.

தண்டில் பழைய சீலின் உதடு தேய்த்த இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீலை ஒரு மி.மீ. தள்ளிப் பூட்டி, உதட்டைப் புது இடத்தில் உட்கார வைக்கலாம், அல்லது தண்டின் மேல் மெல்லிய உருக்கு உறை ஏற்றலாம். உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்க்கக் கூடாது. அந்தக் கீறல்களின் வழியே எண்ணெய் வெளியேறும். சில சீல்களின் உதட்டில் எண்ணெயை உள்ளே திருப்பும் சாய்ந்த வரிகளும், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். பெரும்பாலான எஞ்சின்கள் முன்புறமிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்ற, ஹோண்டாவின் பழைய பி வரிசை எஞ்சின்கள் இடஞ்சுழியாகச் சுற்றும். அந்த வரிசையைச் சேர்ந்த பி16ஏ எஞ்சின் வைத்திருப்பவர்கள் அம்புக்குறியைக் கவனித்து வாங்க வேண்டும்.

பூட்டும் முறை ரப்பருக்கும் டெஃப்லானுக்கும் நேர் எதிரானது. ரப்பர் உதட்டில் எண்ணெய் தடவிப் பூட்ட வேண்டும். டெஃப்லானை உலர்ந்த தண்டில் உலர்ந்தபடியே பூட்ட வேண்டும். முதல் சில சுற்றுகளில் உதட்டிலிருந்து நுண்ணிய டெஃப்லான் படலம் தண்டில் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் இருந்தால் அது ஒட்டாது. என் முதல் டெஃப்லான் சீலை ரப்பர் சீலைப் போலவே எண்ணெய் பூசி, கூட வந்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, விரலால் உதட்டை விரித்து ஏற்றினேன். எண்ணெய் கசிந்து, மூன்றாம் நாள் கிளட்ச் வழுக்கியது. கியர்பெட்டியை மீண்டும் இறக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அந்தப் பிளாஸ்டிக் உறை உதட்டின் வடிவத்தைக் காப்பதற்காகவே வருகிறது. அதைக் கடைசி நொடி வரை கழற்றாமல், தண்டின் மேல் வைத்து, அதன் வழியாகச் சீலை நழுவவிட வேண்டும். பூட்டிய பின் உதடு தண்டோடு படிய, சில மணி நேரம் தண்டைச் சுற்றாமல் விடுங்கள்.

வால்வுத் தண்டு சீல்களால் கிடைக்கும் உராய்வுக் குறைப்பு மிகச் சிறிது. வைட்டானில் புதியது போடுங்கள். வால்வின் மேல் முனையில் இருக்கும் பூட்டுப் பள்ளம் உதட்டை அறுத்துவிடாதபடி பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு இறக்குங்கள்.

முதல் ஓட்டம்

ரிங் படியும் வரை சாதாரண மினரல் எண்ணெய் ஊற்றுங்கள். வெறுமனே நிறுத்தி ஓடவிட்டால் ரிங்கின் பின்னால் அழுத்தம் சேராது, ரிங் படியாது. சுங்கை சிப்புட்டிலிருந்து குவாலா கங்சார் போகும் சாலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், பாதி ஆக்சிலேட்டரில் வேகம் கூட்டி, பிறகு காலை எடுத்து கியரிலேயே வேகம் குறையவிட்டு, இதையே இருபது முப்பது நிமிடம் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். திரும்பியதும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 1,000 கிலோமீட்டரில் மீண்டும் ஒருமுறை மாற்றும்போது, உங்கள் பேரிங் இடைவெளிக்கு ஏற்ற மெல்லிய எண்ணெய்க்குப் போகலாம். 20டபிள்யூ-50 போன்ற தடித்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு சீலில் உராய்வைக் குறைக்கப் பார்ப்பதில் பொருளில்லை.

அந்த 1,000 கிலோமீட்டரில் எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தின் அடிப்பகுதியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கம்ப்ரஷனை அளந்து பழைய எண்களின் பக்கத்திலேயே எழுதுங்கள். பிளக்குகளைக் கழற்றியிருக்கும் அதே வேளையில் கொக்கித் தராசையும் 25 செ.மீ. தூரத்தில் மாட்டி, பிரிப்பதற்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.