கைக்குழந்தையை நீச்சல் குளத்தில் இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் சித்திரை வெயில் சுட்டெரிக்கும் நாள்களில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய், தங்கும் விடுதியின் நீச்சல் குளத்தில் ஒருமுறை இறக்கிப் பார்க்கும் ஆசை பல பெற்றோருக்கு வருகிறது. ஆசையில் பிழையில்லை, தண்ணீரின் சூட்டைப் பார்க்காமல் இறக்குவதுதான் முதல் பிழை, என் கணிப்பில் பெரிய பிழையும் அதுவே. அடிவாரத்து வெயிலோடு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் பெரியவர்களுக்குக் குளத்தின் குளிர்ச்சி சுகமாக இருக்கும். ஆனால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், இரவெல்லாம் ஆறிய தண்ணீர் நண்பகலிலும் எளிதில் சூடேறுவதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் 32 டிகிரி செல்சியசாவது இருக்க வேண்டும் என்பதால், கையை விட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் வெப்பமானியால் அளந்து பாருங்கள்.

எங்கள் மகளுக்கு ஐந்து மாதமானபோது நாங்களும் இதே பிழையைச் செய்தோம். இறக்கியதும் சிரித்தவள், சற்று நேரத்தில் சத்தமில்லாமல் அடங்கிப்போனாள். அழாததால் தண்ணீர் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். கரையில் இருந்த மாமியார்தான், "தொடையெல்லாம் வலைவலையா நீலம் பாஞ்சிருக்குது பாரு கண்ணு, மொதல்ல மேல தூக்கு" என்றார். தூக்கித் துவட்டி, நெஞ்சோடு அணைத்துப் போர்த்திய பிறகும் தோல் பழைய நிறத்துக்கு வர நெடுநேரமாயிற்று. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எடைக்கு மிஞ்சிய தோல்பரப்புள்ள சிசுவோ பெரியவர்களைப்போல நன்றாக நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் இயலாதது. ஆகவே நடுக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாள் பத்து நிமிடம் போதும். உதடு கறுத்தாலோ குழந்தை சோர்ந்தாலோ அதற்கும் முன்பே தூக்கிவிட வேண்டும்.

இரண்டாவது பிழை, மிதவையை நம்புவது. கழுத்தில் மாட்டும் காற்று வளையம் அழுந்தலாம், காற்று இறங்கலாம், ஈரத்தில் வழுக்கி முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுவிடலாம். ஒரு குழந்தை இறந்ததையும் இன்னொன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022-இல் இதைக் கைக்குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. குழந்தையின் அக்குளுக்கடியில் இரண்டு கைகளும் இருக்க வேண்டும். படம் எடுப்பவர் வேறொருவராக இருக்கட்டும். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடாது என்பதை மறந்துவிடக் கூடாது.

கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய பெரியவர்கள், "முக்கி எடுத்தால் பயம் தெளியும்" என்பார்கள். அவர்கள் பழகியது ஓடியாடும் வயதில். சிசு முகத்தில் தண்ணீர் பட்டதும் மூச்சை அடக்குவது தானாக நிகழும் அனிச்சைச் செயல். ஆறு மாத அளவில் மங்கிவிடும் அது, விழுங்குவதைத் தடுப்பதில்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். ஒரு வயதுக்குள் தரும் நீச்சல் பயிற்சி மூழ்காமல் காக்கும் என்பதற்கும் சான்றில்லை.

வழக்கமான டயப்பர் தண்ணீரில் ஊதிக் கனத்துவிடும் என்பதால் நீச்சலுக்கான டயப்பரே வேண்டும். அதுவும் மலத்தைத் தாங்குமே தவிரக் கிருமியைத் தடுக்காது. வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாளாவது ஆகாமல் இறக்கக் கூடாது. பம்புசெட் தொட்டியில் பாசி வழுக்கும், குழாய்த் தண்ணீரும் வேகமாகக் கொட்டும் என்பதால் அங்கே கைக்குழந்தை வேண்டாம்.

குளித்து முடித்ததும் தலையை முதலில் துவட்டி, உலர்ந்த உடையை அணிவித்த பிறகே பால் கொடுங்கள். கொடுத்த கையோடு வண்டியில் ஏற்றி மலையிறங்கினால், வளைவுகள் முடிவதற்குள் குழந்தை கக்கிவிடக்கூடும். அரை மணி நேரமாவது தோளில் சாய்த்து வைத்திருந்து பிறகு கிளம்புங்கள்.