சீனிப் போத்தல ஒளிச்சா காணாது, சோத்துக் கோப்பையப் பாருங்கோ

சீனி வருத்தம் எண்டு ரிப்போர்ட் வந்த அண்டைக்கு எங்கட வீடுகளில முதல் நடக்கிற வேலை சீனிப் போத்தலத் தூக்கி மேல் தட்டில ஒளிச்சு வைக்கிறதுதான். பிறகு மத்தியானம் அதே மூண்டு அகப்பை சோறு, அதுக்கு மேல உருளைக்கிழங்குக் கறி, பருப்பு. மூண்டு மாசம் கழிச்சு "நான் தேத்தண்ணிக்கு சீனியே போடுறதில்ல, பிறகேன் குறையுதில்ல" எண்டு டொக்டரோட சண்டை. எங்கட அம்மா இன்னும் ஒரு படி மேல, வெறும் பிளேன்ரீதான் குடிக்கிறன் எண்டு வெள்ளவத்தை முழுக்க சொல்லித் திரிவா, ஆனா மற்றக் கையில ஒரு துண்டு பனங்கட்டி இருக்கும், கேட்டா "அது சீனி இல்லப் பிள்ள, பனங்கட்டி". பனங்கட்டியோ கித்துள் பாணியோ தேனோ, ரத்தத்துக்க போனாப் பிறகு எல்லாம் ஒண்டுதான்.

முதல்ல உங்கட நம்பர் என்ன எண்டு பாருங்கோ. வெறும் வயித்தில எடுத்த ரத்தச் சீனி (mg/dL கணக்கில) 100க்குக் கீழ எண்டா சரி, 100 தொடக்கம் 125 வரைக்கும் எண்டா எல்லையில நிக்கிறியள், 126 இல்லாட்டி அதுக்கு மேல எண்டா திருப்பியும் ஒருக்கா செக் பண்ணி டொக்டரிட்டப் போங்கோ. எச்பிஏ1சி (HbA1c) எண்ட ரத்த டெஸ்ட் எண்டா 5.7 வீதத்தில இருந்து 6.4 வரைக்கும் எல்லை, 6.5 தொட்டா வருத்தம். இந்த எச்பிஏ1சிய ஏமாத்த ஏலாது, டெஸ்டுக்கு மூண்டு நாளைக்கு முதல் நல்ல பிள்ளையா இருந்தாலும் அது போன ரெண்டு மூண்டு மாசக் கதைய அப்பிடியே சொல்லிப்போடும். காசு குடுத்து லாப்புக்குப் போக விருப்பமில்லாட்டி அரசாங்கத்தின்ர ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்கள் இருக்கு, 35 வயசு தாண்டினாக்கள் போய் இலவசமா செக் பண்ணலாம், சனத்துக்குத் தெரியாததால கனபேர் போறதில்ல. வீட்டில அளவு நாடா இருந்தா இடுப்பையும் அளவுங்கோ, ஆம்பிளையளுக்கு 90 சென்றிமீற்றர், பொம்பிளையளுக்கு 80. அதுக்கு மேல எண்டா மெலிஞ்ச கை கால நம்பி இருக்காதேங்கோ, எங்கட ஆக்களுக்குக் கொழுப்பு சேர்றது வயித்திலதான்.

எல்லையில நிக்கிறாக்கள் பயப்பட வேண்டாம், ஆனா சும்மா இருக்கவும் வேண்டாம். 2002இல அமெரிக்காவில ஒரு பெரிய ஆய்வு ரிசல்ட் வந்தது, எல்லையில நிண்ட ஆக்கள் நிறையில 7 வீதம் குறைச்சு, கிழமைக்கு 150 நிமிஷம் நடந்து வர வருத்தம் வாறது 58 வீதம் குறைஞ்சது, மெட்ஃபோர்மின் குளிசை குடிச்ச ஆக்களுக்கு 31 வீதம்தான் குறைஞ்சது. 70 கிலோ ஆளுக்கு 7 வீதம் எண்டா 5 கிலோவும் இல்ல. ஏலாத காரியமில்லத்தானே.

இனி கோப்பைக்கு வருவம். ஒரு கப் சோத்தில ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து, அது வயித்துக்க போய் குளுக்கோசாத்தான் மாறும், அதாவது 9 தேக்கரண்டி சீனி மாதிரி, நாங்கள் மத்தியானத்துக்கு போடுறது ஒரு கப்பே? சிவப்பரிசி நல்லம்தான், நார் கூட, ஆனா சிவப்பரிசி எண்டுட்டு மலை மாதிரிப் போட்டா அந்த நன்மை அதோட போச்சு. பாண் இன்னும் மோசம், கால் றாத்தல் பாணில 55 கிராமுக்குக் கிட்ட வரும், அதைப் பருப்புக் கறியோடயும் சம்பலோடயும் அரை றாத்தல் சாப்பிடுற ஆக்கள நான் தினமும் பாக்கிறன் (ஒரு காலத்தில நானும்தான்). கிறீம் கிறேக்கர் வருத்தக்காரருக்கு நல்லது எண்டொரு நம்பிக்கை இருக்கு, எங்கயிருந்து வந்ததோ தெரியேல்ல, அது கோதுமை மாவும் எண்ணெயும்தான்.

அப்ப செய்யிறது என்னெண்டா, கோப்பைய மனசால ரெண்டாப் பிரியுங்கோ. அரைவாசிக்கு மரக்கறி, மிச்ச அரைவாசியில பாதி மீனோ முட்டையோ கடலையோ, மற்றப் பாதிக்குத்தான் சோறு. போடுற ஒழுங்கிலதான் விஷயம் இருக்கு, நாங்கள் சோத்த முதல் போட்டு நடுவில குழி பறிச்சு கறி விடுற ஆக்கள், அதை மாத்தி முதல் மரக்கறி, பிறகு மீன், கடைசியா சோறு எண்டு போட்டா இடமே இருக்காது, தன்பாட்டில குறைஞ்சிடும். சாப்பிடேக்கயும் வறையையும் மீனையும் கொஞ்சம் முதல் சாப்பிட்டுட்டு சோத்துக்குப் போனா சீனி ஒரேயடியா ஏறாது.

மரக்கறி எண்டு சொல்லி உருளைக்கிழங்க எண்ணாதேங்கோ. உருளைக்கிழங்கு, மரவள்ளி, ஈரப்பலாக்காய், பலாக்கொட்டை எல்லாம் சோத்தின்ர பக்கம், அதைப் போட்டா சோத்தக் குறைக்க வேணும். மரக்கறி எண்டா போஞ்சி, வெண்டிக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோவா, வாழைப்பூ வறை, பாவற்காய்ச் சம்பல். கத்தரிக்காயும் நல்லம்தான், ஆனா பொரிச்சுக் குழம்பு வைச்சா எண்ணெய முழுக்க உறிஞ்சி வைச்சிருக்கும். கீரை விஷயத்தில கொழும்பில இருக்கிறது ஒரு அதிர்ஷ்டம், வெள்ளவத்தைச் சந்தையில வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கையிலை எல்லாம் கட்டுக் கட்டாக் கிடைக்கும், வேலைக்குப் போறாக்கள் ஞாயிற்றுக்கிழமையே ஆஞ்சு கழுவி ஈரமில்லாம டப்பாவில போட்டு பிரிஜ்ஜில வைச்சா ரெண்டு மூண்டு நாளைக்கு ஓடும். மீனுக்கு பாரையும் அறக்குளாவும்தான் வேணுமெண்டில்ல, சூடை, சாளை, நெத்தலி மலிவு, உடம்புக்கும் நல்லம், ஆனா பொரிக்காம குழம்பாவோ அவியலாவோ செய்யுங்கோ.

காலமைச் சாப்பாடுதான் எனக்குப் பெரிய தலையிடியா இருந்தது. பத்து இடியப்பம் சொதியோட எண்டது ஒரு மூச்சில போயிடும். இப்ப நாலு, அதோட முட்டைக் கறி, ஒரு வறை. பிட்டு எண்டா மாவுக்கு சரிபாதி தேங்காய்ப்பூ போட்டு அவிக்கிறம், மா குறையும், ஆனா நிறை குறைக்கப் பாக்கிறாக்கள் தேங்காயிலயும் கண் வைக்க வேணும். குரக்கன் பிட்டு நார் கூட எண்டதால நல்லம், மருந்து இல்ல, ரெண்டு குழல் சாப்பிட்டா குரக்கனும் ஏத்தும். கிழமையில ரெண்டு நாள் அவிச்ச கடலையோ கௌப்பியோ பயறோ கட்டச்சம்பலோட சாப்பிட்டுப் பாருங்கோ, பத்து மணிக்கு பிஸ்கட் தேடாது.

ஒபிஸ் போறாக்களுக்கு சோத்துப் பார்சல் ஒரு கண்ணி. அதில ரெண்டு பேருக்குக் காணுமான சோறும் ஒரு பிடி கறியும்தான் இருக்கும். கட்டேக்கயே "அண்ணை, சோறு அரைவாசி போடுங்கோ, ஒரு மரக்கறி கூட வையுங்கோ" எண்டு சொல்லுங்கோ, முதல் நாள் ஒரு மாதிரிப் பாப்பினம், மூண்டாம் நாள் கண்டவுடனயே தெரியும். இல்லாட்டி பார்சலப் பிரிச்ச உடன, பசி தொடங்க முதல், பாதியத் தனியா எடுத்து வையுங்கோ, பிறகு பாப்பம் எண்டு தொடங்கினா முடிஞ்சுது. பின்னேரம் ரோல்ஸ், பற்றீஸ், மாலுபாண் எல்லாம் மாவும் எண்ணெயும், அதுக்குப் பதிலா ஒரு கை கச்சான் இல்லாட்டி ஒரு கொய்யாப்பழம். இரவில கொத்து மாசத்தில ஒருக்கா எண்டா ஒண்டுமில்ல, எனக்கும் அந்தத் தகரச் சத்தம் கேட்டா கால் நிண்டிடும், ஆனா ஒண்ட வாங்கி ரெண்டு பேர் பிரிச்சு சாப்பிடுங்கோ.

குடிக்கிறதில சோடாவுக்கு போத்தலிலயே கலர் அடிச்சிருக்கு, 2016இல இருந்து இலங்கையில அந்தச் சட்டம், சிவப்பு வட்டம் எண்டா 100 மில்லிலீற்றரில 11 கிராமுக்கு மேல சீனி. கணக்குப் போட்டுப் பாருங்கோ, ஒரு சின்னப் போத்தலே உலக சுகாதார நிறுவனம் நல்லதெண்டு சொல்லுற ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்டிப் போயிடும். தேத்தண்ணியில ரெண்டு கரண்டி, நாலு கோப்பை எண்டா 40 கிராம் அங்கயே போச்சு. ஒரேயடியா நிப்பாட்ட ஏலாட்டி கிழமைக்கு அரைக் கரண்டி குறைச்சுக்கொண்டு வாங்கோ, ஒரு மாசத்தில நாக்கு பழகிடும். பழம் எண்டா முழுசாக் கடிச்சு சாப்பிடுங்கோ, ஜூஸ் வேண்டாம். கறுத்தக்கொழும்பான் சீசன் வந்தா முழுக்க விடச் சொல்ல எனக்கு மனசில்ல, அரை மாம்பழம், சோத்துக்கு மேல இல்ல, பின்னேரம் தனியா.

சாப்பிட்டுப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் நடந்தா சீனி இறங்கிறது விரல்ல குத்திப் பாக்கிற மிசினிலயே தெரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆக்களுக்கு மரைன் டிரைவ் இருக்கு, மழை எண்டா பிளாட்டுக்குள்ளயே நடவுங்கோ, மேல் வீட்டுக்காரர் என்ன நினைப்பினம் எண்டு பாக்காதேங்கோ.

ஆனா குளிசையோ இன்சுலினோ எடுக்கிறாக்கள் இதையெல்லாம் வாசிச்சிட்டு நாளைக்கே சோத்த வெட்டாதேங்கோ. இன்சுலினும், கிளிக்லசைட் மாதிரிக் குளிசையளும் சாப்பாடு குறைஞ்சா சீனிய ஒரேயடியா இறக்கிப்போடும், டொக்டரிட்ட சொல்லி மருந்தளவையும் சேத்து மாத்த வேணும். கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறதெண்டாலும் அப்பிடித்தான். கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தா மிசின் 70க்குக் கீழ காட்டும், உடன மூண்டு தேக்கரண்டி சீனியத் தண்ணியில கரைச்சுக் குடிச்சு 15 நிமிஷத்தால திருப்பிப் பாக்க வேணும், அந்த நேரம் ஒளிச்ச சீனிப் போத்தல் எங்க எண்டு வீட்டில எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேணும். ஆள் மயங்கிப் போனா வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ, ஆஸ்பத்திரிதான். கொத்தல ஹிம்புட்டு மூலிகை, வெந்தயத் தண்ணி, பாவற்காய்ச் சாறு எல்லாம் குடிக்கிறதெண்டா அதையும் டொக்டருக்கு சொல்லுங்கோ, குளிசைய நிப்பாட்டிட்டு அதக் குடிக்கிற விளையாட்டு வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறாக்களுக்கு இந்தக் கீரைக் கணக்கும் வேற, கேட்டுட்டுத்தான் சாப்பிட வேணும்.

கடைசியா மிசின். ஸ்ட்ரிப் விலைக்கு ஒவ்வொரு வேளையும் குத்த ஏலாது, அதால ஒரு கிழமைக்கு ஒரு சாப்பாட்ட எடுங்கோ, இந்தக் கிழமை இடியப்பம், அடுத்த கிழமை பாண், சாப்பிட முதல் ஒருக்கா, ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருக்கா குத்தி கலண்டரில எழுதுங்கோ. பிறகு குத்தினது 180க்குக் கீழ எண்டா கனபேருக்கு அந்த அளவு சரி, மேல எண்டா அடுத்த முறை ரெண்டு இடியப்பத்தக் குறைச்சுப் பாருங்கோ. ரெண்டு மணித்தியாலத்த எண்ணுறது முதல் வாய் வைச்ச நேரத்தில இருந்து, கை கழுவின நேரத்தில இருந்து இல்ல, அம்மா ஒரு மாசமா அதைப் பிழையாத்தான் எண்ணிக்கொண்டிருந்தவ.