ஹார்மோன் ஊசி போடுகிறவர்கள் நடப்பது எப்படி?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி ஆரம்பித்ததும் நம் ஆட்கள் பலர் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார்கள், வீட்டிலும் "அப்பா, நீங்க பேசாம ரெஸ்ட் எடுங்க" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இந்த ஊசியால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கிப்போவதால் வரும் அசதி படுத்தால் தீராது. படுக்கப் படுக்க தசை கரையும், தொப்பை போடும். நடந்தால்தான் அசதி குறையும்.

பினாங்குக்காரர்களுக்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது, நல்ல நிழல். வாரத்துக்கு 150 நிமிடம் இலக்கு, அதாவது ஐந்து நாள் அரை மணி. முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். வேகம்? பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், பாட்டுப் பாட மூச்சு பத்தக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. திடீரென உடம்பு சூடேறி வியர்த்துக் கொட்டுவது இந்தச் சிகிச்சையில் சகஜம் என்பதால் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், பருத்திச் சட்டை, கையில் தண்ணீர். அப்புறம் பசியாற எங்கே நுழைவீர்கள் என்று தெரியும், தே தாரிக்குக்கு மட்டும் 'கூராங் மானிஸ்' (இனிப்புக் கம்மி) சொல்லிவிடுங்கள், இந்த ஊசியால் சர்க்கரையும் ஏறலாம்.

பூங்காவுக்குப் பக்கத்தில்தானே என்று முதல் வாரமே தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறிவிடாதீர்கள், 500க்கும் மேல் இருக்கின்றன. நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ இதயக் கோளாறு இருந்தாலோ டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் எதுவும். புதிதாக முதுகுவலி, கால் மரத்துப்போவது, பலமிழப்பது என்றால் நடையை விடுங்கள், உடனே ஆஸ்பத்திரி.

தசைக்கு நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள்.