உலாவியை மாற்றச் சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒருவரை இணைய உலாவி (பிரவுசர்) மாற்ற வைக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே தனியுரிமை, ஏகபோகம், வேவு என்று பெரிய விஷயங்களில் இறங்கிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். மறுநாள் பார்த்தால் பழைய குரோமில்தான் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருப்பார். சொன்னது அவருக்குப் புரியாமல் இல்லை. இருப்பதை விட்டு மாற அவருக்கென்று ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பயர்பாக்ஸ் உலாவியின் கதையைப் பாருங்கள். 2004 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தபோது விண்டோஸ் கணினிகளில் மைக்ரோசாப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வைத்ததுதான் சட்டம். 2001இல் வெளியான அதைப் பெரிதாக மேம்படுத்தாமல் மைக்ரோசாப்ட் கிடப்பில் போட்டிருந்தது. பயர்பாக்ஸ் ஆதரவாளர்கள் கைக்காசு போட்டு அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். பணம் தந்தவர்களின் பெயர்களும் அதில் அச்சாயின. 2005 அக்டோபருக்குள் பத்துக் கோடிப் பதிவிறக்கங்கள் ஆகிவிட்டன. நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்கிற திறந்த மூல மென்பொருள் என்பதற்காகவா இத்தனை பேர் ஓடி வந்தார்கள்? அந்தக் காலத்தில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு விடை தெரியும். ஒரு பக்கத்தைத் திறந்தால் நான்கு விளம்பர ஜன்னல்கள் குதிக்கும். ஒன்றை மூடினால் இன்னும் இரண்டு வரும். பயர்பாக்ஸ் அதைத் தடுத்தது. ஒரே ஜன்னலில் பல டேப்களைத் திறக்க விட்டது. மக்கள் மாறினார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு எது தொந்தரவாக இருக்கிறது?" என்பதுதான். பல நேரங்களில் பதில் வேறாக இருக்கும். "மூலையில் எப்போது பார்த்தாலும் வைரஸ் எச்சரிக்கை வருகிறது" என்பார் ஒருவர். எப்போதோ ஏதோ ஒரு தளம் கேட்டபோது அறிவிப்புகளுக்கு 'அனுமதி' என்று அழுத்தியிருப்பார். அதற்கு உலாவியை மாற்றவே தேவையில்லை. அமைப்புகளில் தள அனுமதிகளுக்குள் போய், அறிவிப்புகள் பட்டியலில் அந்தத் தளத்தை நீக்கினால் தீர்ந்தது. இந்த இடத்தில் பயர்பாக்ஸ் புராணம் பாடுவது வீண் வேலை.

விளம்பரத் தொல்லை என்று சொன்னால் கதை வேறு. விளம்பரத் தடுப்பான்களில் பலரும் நம்பும் யூபிளாக் ஆரிஜினை, நீட்சிகளுக்கான (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களுக்கான) புதிய விதிகளைக் காட்டி குரோம் 2025இல் ஓரங்கட்டிவிட்டது. அதன் மெலிந்த வடிவமான 'லைட்' மட்டுமே இப்போது அங்கே ஓடுகிறது. பயர்பாக்ஸில் முழு வடிவமும் கிடைக்கிறது, ஆண்ட்ராய்டு போனிலும்கூட. பிரேவ் உலாவியில் தடுப்பான் உள்ளேயே இருக்கிறது. இது கண்ணால் பார்க்கக்கூடிய வேறுபாடு. ஒரு செய்தித் தளத்தை இரண்டிலும் திறந்து காட்டினால் பேச்சே வேண்டியதில்லை.

உலாவியைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் பெரிய தவறு, சட்டையைப் பார்த்து ஆளை முடிவு செய்வது. எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே கூகுள் முன்னின்று உருவாக்கும் குரோமியத்தின் மேல், அதாவது குரோமுக்கும் அடித்தளமான நிரலின் மேல், கட்டப்பட்டவை. ஜோஹோவின் 'உலா'வும் அப்படியே. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. நல்ல உலாவிதான், நம் ஊர் நிறுவனத்தின் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் "கூகுளின் பிடியிலிருந்து விடுதலை" என்று சொல்லி அதைப் பரிந்துரைத்தால் அது பாதி உண்மைதான். இந்தியாவில் ஐபோன் வைத்திருப்பவரின் நிலை இன்னும் வேடிக்கை. குரோம், பயர்பாக்ஸ் என எதை நிறுவினாலும் உள்ளே பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் எஞ்சின் ஆப்பிளின் வெப்கிட்தான். ஐபோனில் எது வேகம் என்று இரண்டு பேர் மல்லுக்கட்டினால் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பழைய கணினியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. விண்டோஸ் 7 ஓடும் கணினியில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அது வந்தது 2023 ஜனவரியில். பயர்பாக்ஸ் 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு அதற்குப் பிறகும் அந்தக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்துவந்தது. அப்படியொரு கணினியின் முன் உட்கார்ந்து 'வேகம்' பற்றிப் பேசுவதைவிட, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தருவது உத்தமம்.

இனி, வீடு மாற்றுவதைப் போன்ற இடப்பெயர்ச்சி வேலை. பரிந்துரை செய்பவர்கள் கைகழுவிவிட்டுப் போவதும் பெரிய ஆபத்து ஒளிந்திருப்பதும் இங்கேதான். ஒரே கணினியில் பழைய உலாவியும் இருந்தால், புதியது அதிலிருந்து நேரடியாகவே பெரும்பாலானவற்றை இழுத்துக்கொள்ளும். முதலில் அந்த வழியைப் பாருங்கள். அது முடியாதபோது கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்வார்கள். பதிவிறக்கக் கோப்புறையில் ஒரு சி.எஸ்.வி. கோப்பு வந்து விழும். அதை இருமுறை சொடுக்கினால் எக்ஸலில் திறக்கும்: ஒரு நெடுவரிசையில் தளத்தின் முகவரி, அடுத்ததில் பயனர் பெயர், அதற்கடுத்ததில் கடவுச்சொல். பூட்டு இல்லை, மறைப்பு இல்லை. வங்கி, மின்னஞ்சல், வருங்கால வைப்பு நிதி எல்லாம் வரிசையாக நிற்கும். புதிய உலாவியில் ஏற்றி முடித்ததும் இதை அழிக்க வேண்டும், மறுசுழற்சித் தொட்டியிலிருந்தும் சேர்த்து. பதிவிறக்கக் கோப்புறை ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்போடு இணைந்திருந்தால் அங்கும் பார்க்க வேண்டும். இந்தக் கோப்பைத் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அன்றைக்கே பழைய உலாவியை நீக்குவது இன்னொரு அவசரம். சில அலுவலக மென்பொருள்கள் எட்ஜில் பழைய தளங்களுக்கென்று உள்ள இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முறையில்தான் இன்றும் ஓடுகின்றன. மாதக் கடைசியில் ஒரு தளம் திறக்கவில்லை என்றால் திட்டு உங்களுக்குத்தான். இரண்டும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

புதிய உலாவியில் ஆர்வக்கோளாறில் பத்து நீட்சிகளைப் போட்டுக்கொடுப்பதும் உண்டு. "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று ஒரு நீட்சி அனுமதி கேட்டால், அந்த வாசகத்துக்கு அதேதான் பொருள். பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' நீட்சி பலரும் விரும்பியது. 2020இல் அது கை மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை முடக்கியது. விளம்பரத் தடுப்பான் ஒன்று, தேவைப்பட்டால் கடவுச்சொல் மேலாளர் ஒன்று. சாதாரண மனிதருக்கு இவ்வளவு போதும்.

மறைநிலைச் சாளரத்தை (இன்காக்னிட்டோ) காட்டி "இதில் போனால் யாருக்கும் தெரியாது" என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். பார்த்த தளங்களின் வரலாறு உங்கள் கணினியில் தங்காது, அவ்வளவே. இணையச் சேவை தருபவருக்கும், அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவருக்கும், நீங்கள் போன தளத்துக்கும் அந்தத் திரை கிடையாது.

எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு சின்ன விஷயங்கள் ஆளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். ஒன்று, புதியதை இயல்பு உலாவியாக அமைக்காமல் விடுவது. மின்னஞ்சலில் வரும் ஒவ்வொரு இணைப்பும் பழையதில்தான் திறக்கும். ஒரு வாரத்தில் புதியது மறந்துபோகும். மற்றொன்று, தேடுபொறியையும் சேர்த்து மாற்றிவிடுவது. "தம்பி, கூகுளைக் காணோமே" என்று மாமா போன் செய்வார். பலருக்குக் குரோமும் கூகுளும் ஒன்றுதான். புதிய உலாவியில் கூகுளே முதல் பக்கமாக இருக்கட்டும். இதில் கொள்கைச் சமரசம் என்று வருந்த ஒன்றுமில்லை. பயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை அதில் இயல்பு தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம்தான்.