இன்ஜினைப் பிரிக்கும் முன்பே பார்ட்ஸ் வாங்காதீர்கள்

வீட்டு வாசலில் பழைய மாருதி 800 நிற்கிறது, நீலப் புகை விடுகிறது, ஆயில் குடிக்கிறது. மெக்கானிக் "இன்ஜின் வேலை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார், நாமே இறக்கிப் பார்த்தால் என்ன என்று ஓர் ஆசை. நல்ல ஆசைதான். 1983இல் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி அது. உள்ளே இருக்கும் எஃப்8பி இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் மாடலாக இருந்தால் ஒயர் தொல்லையும் அதிகம் இல்லை. பிரிப்பதும் கோர்ப்பதும் பொறுமை இருந்தால் வந்துவிடும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது கடையில், பார்ட்ஸ் வாங்கும்போதுதான்.

என் கதையையே சொல்கிறேன். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றுவதற்கு முன்பே பிஸ்டன் செட் வாங்கினேன். ஒரு கடையில் 50 சைஸ் (ஸ்டாண்டர்டைவிட 0.50 மில்லிமீட்டர் பெரியது) மட்டும் விலை குறைத்துக் கொடுத்தார்கள், எப்படியும் போர் அடிக்கத்தானே (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கத்தானே) போகிறோம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு லேத் பட்டறையில் அளந்து பார்த்தால் 25 சைஸிலேயே போர் சுத்தமாகிவிடும் என்றார்கள். ஸ்டாண்டர்ட் போர் 68.50 மில்லிமீட்டர், 25 சைஸ் என்றால் 68.75, 50 சைஸ் என்றால் 69.00. நேரே 50க்குப் போனால் பிளாக்கின் ஆயுளில் ஒரு படியை வீணாக்கிவிட்டோம் என்று அர்த்தம், அதற்கு அடுத்து ஸ்லீவ்தான், அதாவது சிலிண்டருக்குள் புது உறை அடிப்பது. (69.00க்குப் போனால் கணக்குப்படி 808 சிசி வரும். பிக்கப் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.)

அதனால் முதலில் அளவு, பிறகுதான் பில். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு, ஆக ஆறு. வெர்னியரை வைத்து இதைச் செய்யாதீர்கள், போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) வேண்டும், லேத்திலேயே அளந்து எழுதித் தரச் சொல்லலாம். தேய்மானம் அதிகம் இருப்பது மேலே, முதல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில். விரல் நகத்தை ஓட்டினாலே ஒரு விளிம்பு தட்டும். அந்த விளிம்பை வைத்துக்கொண்டு "ரிங் மட்டும் மாத்திடலாம்" என்று கேட்டால், புது ரிங் அந்த விளிம்பில் முட்டி உடைய வாய்ப்பு உண்டு, உடையாவிட்டாலும் கூம்பாகத் தேய்ந்த போரில் அது சரியாக உட்காராது, ஆறே மாதத்தில் மறுபடி புகை.

இன்னொன்று, பழைய லேத் ஆட்கள் தவ் கணக்கில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், பேசுவார்கள். அவர்கள் "பத்து சைஸ்" என்றால் அது நம்முடைய 25, "இருபது" என்றால் 50. போனில் பேசி ஆர்டர் கொடுத்துவிட்டு அப்புறம் சண்டை போடுவதைவிட மில்லிமீட்டரில் எழுதிக் கொடுப்பது நல்லது. சைஸ் பிஸ்டன் தலையிலேயே அச்சடித்திருக்கும், வாங்கும்போது மூன்றையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். புதுப் பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்கும் அப்படியே: தண்டு கிரைண்டிங் முடிந்து வந்த பிறகு பேரிங் வாங்குங்கள், முன்னால் அல்ல. பேரிங் ஷெல்லின் முதுகில் எஸ்டிடி (ஸ்டாண்டர்ட்), 025 என்று குத்தியிருப்பதைப் படித்துவிட்டு, பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையை நடுவே வைத்து நசுக்கி இடைவெளியைப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) 0.04 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் என்பது பொதுவான கணக்கு, இறுதி வார்த்தை மேனுவலுடையது. "கையால சுத்தினா சுத்துதே" என்பது அளவே இல்லை.

கடையில் போய் "எண்ணூறுக்கு ஹெட் கேஸ்கட்" என்று மட்டும் கேட்பது அடுத்த தவறு. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் சீல் அது. முதல் ஆல்டோவில் வந்த எஃப்8டியும் 796 சிசிதான், ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வு. எஃப்8பியில் இரண்டுதான். ஹெட் வேறு, கேஸ்கட் வேறு. போதாததற்கு, 2000 வாக்கில் அந்தப் பன்னிரண்டு வால்வு இன்ஜினோடு கொஞ்சம் 800 வண்டிகளும் வந்தன. வண்டிப் பெயரைச் சொல்லாமல் இன்ஜின் நம்பரைச் சொல்லுங்கள், முடிந்தால் கழற்றிய பழைய பார்ட்டைப் பையில் போட்டுக்கொண்டே போங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இனி போல்ட். எல்லோரும் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, போல்ட்டுக்குத் தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போகிறோம். ஜப்பான் வழி வந்த இந்த இன்ஜின்களில் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி பெரும்பாலும் 1.25. ஹார்டுவேர் கடையில் 10 எம்எம் போல்ட் கேட்டால் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும், "துரு போல" என்று நினைத்து ஸ்பேனரை அழுத்துவோம், அலுமினிய ஹெட்டில் இருக்கும் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். எனக்கு வந்தது. மரை கழன்றது ஹெட்டுக்கா எனக்கா என்று வீட்டில் கேட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு: வண்டியில் இருந்த 10 எம்எம் போல்ட்டின் தலைக்கு 14 ஸ்பேனர் சேரும், கடை போல்ட்டுக்கு 17 கேட்கும். சந்தேகம் வந்தால் பிட்ச் கேஜ் (மரை இடைவெளியை அளக்கும் தகடு) வைத்துப் பாருங்கள், விலை அதிகமில்லை.

தலையில் இருக்கும் எண்ணையும் படியுங்கள். 8.8 என்றால் 800 மெகாபாஸ்கல் இழுவிசை, அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது. 10.9 என்றால் 1000, அதில் 90. எண்ணே இல்லாத போல்ட் இன்ஜின் பக்கமே வரக்கூடாது. துருப்பிடிக்காது, பளபள என்று இருக்கிறது என ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 700தான், 8.8ஐவிடக் குறைவு, போதாததற்கு ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) போல்ட்டில் மட்டும் காசு பார்க்கவே வேண்டாம். நிமிஷத்துக்கு 5000 சுற்று ஓடும்போது பிஸ்டன் விநாடிக்கு எண்பதுக்கும் மேற்பட்ட முறை மேலே போய் நின்று திரும்புகிறது, அதைப் பிடித்து இழுப்பது அந்த இரண்டு போல்ட்தான். ஒன்று அறுந்தால் பிளாக்கின் பக்கவாட்டில் ஜன்னல். மரையில் லேசாகச் சேதம் தெரிந்தாலோ, கையால் நட் சீராக ஏறாவிட்டாலோ புதிது வாங்குங்கள், கம்பெனி பார்ட் நம்பரில்.

டார்க் ரெஞ்ச் (போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இதில் இறங்கவேண்டாம், இரவலாவது வாங்குங்கள். மேனுவலில் சொன்ன அளவு காய்ந்த மரைக்கா ஆயில் தடவிய மரைக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆயில் இருந்தால் அதே டார்க்குக்குப் போல்ட் அதிகமாக நீளும். அடி மூடிய போல்ட் துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் துடைத்து எடுங்கள். திரவம் நசுங்காது, பிளாக்தான் விரியும்.

பழைய பார்ட்ஸ் வாங்குவது தப்பில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பிளாக், ஹெட், டேப்பெட் கவர், பிராக்கெட் எல்லாம் கிடைக்கும். பழைய கிராங்க் வாங்கினால் மைக்ரோமீட்டரில் அளந்து, விரிசல் பார்த்த பிறகு எடுங்கள். பேரிங், ரிங், கேஸ்கட், ஆயில் சீல், டைமிங் பெல்ட் இதெல்லாம் பழையது வேண்டவே வேண்டாம். புதுசு வாங்கும்போதும் பெட்டியில் எம்ஆர்பி ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், திரும்பி வந்துவிடுங்கள். கசிவை அடைக்கத் தடவும் சிலிகான் பசையும் அளவோடுதான், பிதுங்கி உள்ளே விழுந்தால் நேரே ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும். ஹெட் கேஸ்கட்டில் எதையும் தடவவேண்டாம்.

கடைசியாக, நம் ஊரில் மட்டும் நடக்கும் கூத்தோ என்று எனக்கு ஒரு சந்தேகம்: "நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு எதுக்கு" என்று கழற்றிப் போட்டுவிடுவது. அது 80 டிகிரிக்கு மேல் திறக்கிற வால்வு, அதுவரை இன்ஜினைச் சீக்கிரம் சூடேற விடுகிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர ரொம்ப நேரமாகும், எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலக்கும், நீங்கள் இப்போதுதான் காசு கொட்டிய புதுப் போர்தான் முதலில் தேயும். புது வால்வை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாகவே இருந்துவிட்டுச் சட்டென்று சுட்டால், வால்வு திறந்துவிட்டது.