இயற்பியலின் ஓட்டை கணிதத்தில் இருந்தது

2018இல் பிளஸ் ஒன் சேர்ந்தேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம், கணிதம்-உயிரியல் பிரிவு, ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண். காலாண்டுத் தேர்வில் கணிதத்துக்கு 91 வந்தது, இயற்பியலுக்கு 38. விடைத்தாளை அம்மாவிடம் நீட்டியபோது கை நடுங்கியது.

உடனே இயற்பியலுக்கு இரண்டு மணி நேரம் கூட்டினேன். ஒரு மாதமாகியும் பயனில்லை, தூக்கம்தான் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தேன். சறுக்கிய இடமெல்லாம் வெக்டர் (அளவோடு திசையும் கொண்ட கணியம்), இல்லையென்றால் வகைக்கெழு (ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்லும் கணக்கு). இயக்கவியல் பாடத்துக்கு இவை தொடக்கத்திலேயே வேண்டும். கணிதப் புத்தகத்திலோ இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன! யாராவது ஜூன் மாதமே இதைச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் ஆதங்கம் உண்டு.

கணித ஆசிரியையிடம் போய் நின்றேன். "அந்த அடிப்படையை மட்டும் இப்போதே படித்துவிடும்மா" என்று மதிய இடைவேளைகளில் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

பிறகு, நன்றாகத் தெரிந்த திரிகோணமிதிக் கணக்குகளையே திரும்பத் திரும்பப் போடுவதை நிறுத்தினேன். மனதுக்குச் சுகமாக இருந்ததே தவிர, மதிப்பெண் கூடவில்லை. அதில் மிஞ்சிய முக்கால் மணி நேரம் விடியற்காலையில் வேதியியலுக்குப் போனது; கரிமச் சேர்மங்களின் பெயரிடலைத் தினமும் எழுதிப் பார்த்தேன். தமிழ் மனப்பாடப் பாடல்கள் பஸ் பயணத்திலேயே முடிந்தன.

அரையாண்டில் இயற்பியல் 67, கணிதம் 88. உயிரியலை மட்டும் ஜனவரியில்தான் கையில் எடுத்தேன்.